பழைய வீடு: தளத்தையும் தெருவையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் முப்பது, நாற்பது வருடத் தனி வீடு வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், பட்டா எல்லாவற்றையும் வக்கீலிடம் காட்டிச் சரிபார்த்துவிடுகிறார்கள். வீட்டைப் பார்ப்பதோ அரை மணி நேரம். அதிலும் கண் போவது மாடுலர் கிச்சன் மீதும் புதுப் பெயின்ட் மீதும்தான். கிச்சனை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். லேசில் மாற்ற முடியாதவை இரண்டு: தலைக்கு மேல் இருக்கும் கான்கிரீட் தளத்துக்குள் உள்ள கம்பி, தெருவைவிடத் தாழ்ந்துபோன தரை.

கம்பி துருப்பிடித்தால் அந்தத் துரு இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு, கீழே இருக்கும் கான்கிரீட்டைப் பிதுக்கித் தள்ளும். கம்பி ஓடும் வழியிலேயே விரிசல் நேர்கோடாக விழும். ஈரம் தங்கும் இடங்களில், அதாவது குளியலறைத் தளத்திலும் சன்ஷேடிலும், இது முதலில் தெரியும். மரக்கட்டையால் தளத்தின் அடியில் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் கெட்டி. 'பொத்' என்றால் உள்ளே கான்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்திருக்கிறது. ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் ஒரு பலகையையாவது கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த வீடு வேண்டாம்.

இன்னும் பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில், அதாவது மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை உள்ள வீட்டில், பார்க்க வேண்டியது தேக்கு உத்திரம் சுவருக்குள் நுழையும் முனை. உளுப்பு அங்கேதான் தொடங்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் இறங்கக் கூடாது.

அடுத்தது தெரு. தார் மேல் தார் போட்டுப் பல தெருக்கள் வீட்டு வாசலைவிட உயர்ந்துவிட்டன. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். அதற்குள் ஏறிய உயரம் இனி இறங்கவா போகிறது? மேஸ்திரியை அழைத்துப் போய், தண்ணீர் நிரப்பிய லெவல் டியூபைப் பிடித்து ஹால் தரையையும் தெருவின் நடு மேட்டையும் ஒப்பிடுங்கள். தரை ஒன்றரை அடியாவது மேலே இருக்கட்டும். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கலாம்தான், ஆனால் அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

தாழ்ந்த வீட்டில் சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூக்கும். அதை மறைக்க மூன்றடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். ஈரம் டைல்ஸைத் தாண்டி அதன் மேல் விளிம்பில் வந்து நிற்கும். பீரோவை நகர்த்தி, சாவியால் அங்கே சுரண்டினால் பூச்சு மாவாக உதிரும்.

வயரிங், தண்ணீர் வரும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் இரண்டும் பழையதாகத்தான் இருக்கும். மூன்று பின் பிளக்கில் எர்த் வயர் வந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் புது வயரிங், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகியவற்றின் செலவை விலையில் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். இதற்காக நல்ல வீட்டை விட வேண்டியதில்லை.

சித்திரை வெயிலில் எந்த வீடும் நன்றாகத்தான் தெரியும். முடிந்தால் ஐப்பசியில், மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கட்டடப் பொறியாளர்,
மேற்கு மாம்பலம், சென்னை.