செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றும் மின்சாரத்தை விட மனமில்லாத நாம், இந்த ஆண்டு மாதக் கூட்டங்களில் பெரும்பாலும் பேசியது அண்டை நாட்டு மின் வர்த்தகம் பற்றித்தான்.

2024 நவம்பர் 15 அன்று நேபாள மின்சாரம் இந்திய லைன்கள் வழியே வங்கதேசம் போனது. வெறும் 40 மெகாவாட். நம் ஊர் சப்ஸ்டேஷன் ஒன்றின் லோடு. மழைக்காலத்தில் ஆறுகள் நிறைந்து நேபாளத்தில் மின்சாரம் மிஞ்சும், குளிர்காலத்தில் பற்றாது. அதனால் ஒப்பந்தமே ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரைதான். தெற்காசியக் கூட்டமைப்பான சார்க்கின் நாடுகள் எட்டும் 2014இல் காத்மாண்டுவில் போட்ட மின்சார ஒப்பந்தத்தைவிட, மூன்று நாடுகள் பேசி முடித்த இந்த 40 மெகாவாட்டே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பிப்ரவரியில் பேச்சு இலங்கைப் பக்கம் திரும்பியது. காரணம் குரங்கு. 9ஆம் தேதி பாணந்துறை சப்ஸ்டேஷனில் அது செய்த வேலையில் நாடே இருண்டது. குரங்கும் அணிலும் ஃபீடரை, அதாவது சப்ஸ்டேஷனிலிருந்து ஊருக்குப் போகும் லைனை, தட்டிவிடுவது நமக்குப் புதிதல்ல, ஆனால் நாடே போகாது. அன்று ஞாயிறு, லோடு குறைவு, சோலார் அதிகம்; அதிர்ச்சியைத் தாங்கும் சுழலும் ஜெனரேட்டர்கள் குறைவு. கைகொடுக்க அக்கம்பக்கத்து கிரிட்டும் (மின் வலைப்பின்னலும்) இல்லை.

இந்தியாவையும் இலங்கையையும் இணைக்கும் மதுரை–அநுராதபுரம் லைன் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். எச்.வி.டி.சி. (உயர் அழுத்த நேர்மின்னோட்ட) லைன் என்றால் அங்கே ஃப்ரீக்வன்சி (மின் அதிர்வெண்) சரிந்தாலும் இங்கே இழுக்காது. 2012 ஜூலை 31இல் இந்தியாவின் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு கிரிட்டுகள் விழுந்தபோது தெற்கு கிரிட் தப்பியது இப்படித்தான். ஆனால் வெளியிலிருந்து போதிய மின்சாரம் கொண்டுவர வழியில்லாததால் அதே ஆண்டு நம் மின்வெட்டு நீண்டதையும் மறக்க முடியாது. தெற்கை மற்ற கிரிட்டுகளோடு நேரடியாக இணைத்த ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் 2013 டிசம்பர் 31இல்தான் வந்தது.

ஆடிக் காற்றில் மிஞ்சும் காற்றாலை மின்சாரத்தை இலங்கைக்கு விற்கலாம் என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். “அதே காற்றுதானே அண்ணே மன்னாரிலும் அடிக்குது?” என்று பின்வரிசையிலிருந்து கேள்வி வந்ததும் கூட்டம் சிரித்துவிட்டது. மாலை உச்ச லோடும் இரு பக்கமும் ஒரே நேரம். அப்புறம், பகலில் நம் சோலாரை வாங்கிக்கொண்டு அவர்கள் அணைத் தண்ணீரை மாலைக்குத் தேக்கலாம் என்ற யோசனை வந்தது. எனக்கும் அது சரியாகப் பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேயே சோலார் மிஞ்சுமே என்பதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் இந்த இணைப்புக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது. விலையை எப்படி முடிவு செய்வார்கள் என்பதே அடுத்த கூட்டத்தின் தலைப்பு.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அவரை இன்றே பார்த்துவிடுங்கள்.

செயலாளர்