முள் பொருந்தினால் போதுமா?

தஞ்சாவூர்

அன்புள்ள முருகேசா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஆனால் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே பழைய சைக்கிளுக்கு மோட்டார் மாட்டப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும்தான் உடனே பேனாவை எடுத்தேன்.

போன சித்திரையில் நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. வெட்கம்தான் காரணம். தங்கை மகன் லீவுக்கு வந்தவன் தன் மோட்டார் சைக்கிள் பேட்டரி என்று இல்லை, மின்சார சைக்கிளின் சார்ஜரை என் மின்சார சைக்கிளின் சார்ஜர் பக்கத்தில் வைத்திருந்தான். இரண்டும் கறுப்பு, பேட்டரியில் செருகும் முள்ளும் இரண்டுக்கும் ஒரே மாதிரி உருண்டை. என் பேட்டரி 36 வோல்ட். உள்ளே பத்து வரிசை செல், ஒவ்வொன்றும் 4.2 வோல்ட் வரைதான் ஏறலாம், ஆக 42. அவனுடையது 48 வோல்ட், பதின்மூன்று வரிசை. அந்த சார்ஜர் 54.6 வோல்ட் தள்ளும். நான் அதை எடுத்துச் செருகிவிட்டேன். முள் கச்சிதமாகப் பொருந்தியது, அப்புறம் எண்ணை யார் பார்க்கிறார்கள்?

அளவு மீறினால் உள்ளே இருக்கும் காவல் போர்டு மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். கடைக்காரர் கையால் கட்டிய என் பேட்டரியில் அது வேலை செய்யவில்லை. அரை மணி நேரத்தில் நெயில் பாலிஷ் மாதிரி ஒரு தித்திப்பு வாடை. மெயினை அணைத்துவிட்டு எல்லாரும் தெருவில் போய் நின்றோம். வெறும் சிமெண்டுத் தரையில் வைத்திருந்ததால் பிழைத்தோம். காலையில் பார்த்தால் பெட்டி தவளை மாதிரி உப்பிக் கிடந்தது. அதைத் திரும்பத் தொடவே இல்லை. கடைக்காரரே வந்து எடுத்துப் போனார்.

இப்போது என் சார்ஜரில் சிவப்பு டேப் சுற்றி 42 என்று எழுதி வைத்திருக்கிறேன். படுக்கப் போகும்முன் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். வெயிலில் ஓட்டி வந்தால் பேட்டரி ஆறின பிறகுதான் சார்ஜ். வாசலை ஒட்டியோ மாடிப்படி அடியிலோ வைக்காதே. ஏதாவது ஆனால் நாம் ஓடுகிற வழி அதுதான். மகள் வீட்டுக்கு ஒரு மாதம் போகிறாய் என்றால் பாதி சார்ஜில் விட்டுப் போ.

மாட்டுகிற விஷயம். புதுச் சைக்கிள்களில் சாய்ந்த குழாயில் தண்ணீர் பாட்டிலுக்கு இரண்டு திருகு ஓட்டை இருக்கும், பேட்டரித் தட்டு அதில் உட்கார்ந்துவிடும். உன் அப்பா ஓட்டிய சைக்கிளில் அதெல்லாம் ஏது! மெக்கானிக் குழாயில் துளை போடுகிறேன் என்பார், விடாதே. ரப்பர் வைத்து கிளாம்ப் போட்டு இறுக்கச் சொல். பூட்டிய பிறகு கையால் இழுத்துப் பார், கடகடவென்று ஆடக்கூடாது. ஹேண்டில் பக்கம் ஒயரை இரண்டு விரல் தளர்வாக விட வேண்டும். இல்லாவிட்டால் திருப்பும்போதெல்லாம் உரசி உரசித் தோல் போய்விடும். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் பதிவு, லைசென்ஸ் கேட்கமாட்டார்கள். அதற்கு மேல் ஆசைப்படாதே, கண்ணுக்கும் நல்லதில்லை.

கார்த்திகைக்கு நாங்கள் பாளையங்கோட்டை வருகிறோம். அதற்குள் அவசரப்பட்டு எதையும் செருகிவிடாதே. சார்ஜரின் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. ‘அவுட்புட்’ என்று போட்டிருக்கும் வரி தெளிவாகத் தெரிய வேண்டும். பேரனை எடுக்கச் சொல், நீ எடுத்தால் கட்டை விரல்தான் விழும்.

அன்புடன்,
ராமு