மகன் அப்துல் ஜப்பாருக்கு

786

அன்பு மகன் அப்துல் ஜப்பாருக்கு அத்தா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ், இங்கே எல்லோரும் நலம். நன்னிக்கு மூட்டுவலி, அது இல்லை என்றால்தான் செய்தி. போனில் பேச உனக்கு நேரமில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். பக்கத்துத் தெருப் பையன் வெள்ளிக்கிழமை துபாய் விமானத்தில் வருகிறான். நார்த்தங்காய் ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொடுத்தனுப்புகிறோம். டப்பாவைத் தொலைத்துவிடாதே என்று உன் அம்மா மூன்று முறை சொல்லிவிட்டாள்.

போன வாரம் திண்டுக்கல் போயிருந்தேன். பேகம்பூரில் சம்பந்தி வீட்டில் பேத்தியைப் பார்த்தேன். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. ஆறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லிக் காட்டினாள், அந்த ஓட்டை வாயோடு. எனக்குப் பெருமையாக இருந்தது. மருமகள் டீ கொண்டுவந்தாள். இடது கையால் கொடுத்தாள். வலது மணிக்கட்டில் கட்டு. "குளியலறையில் வழுக்கிவிட்டது மாமா. அங்கே இருக்கும்போதே" என்றாள். நான் மேலே எதுவும் கேட்கவில்லை. எப்போதும் பஸ் நிலையம் வரை வந்து வழியனுப்புகிற சம்பந்தி, அன்று திண்ணையோடு நின்றுகொண்டார்.

பள்ளி விடுமுறைக்கு இன்னும் நாள் இருக்கிறதே, ஏன் இப்போதே அனுப்பினான் என்று உன் அம்மா என்னைக் கேட்கிறாள். எனக்கு என்ன தெரியும்? சரி, அதை விடு. சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய்? ஓட்டலில் தினமும் சாப்பிடாதே.

எழுத வந்தது வேறு விஷயம். சுபுஹு தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஹஜ்ரத், அல்லாஹ்வின் அழகிய பெயர்களான அஸ்மாவுல் ஹுஸ்னாவை ஒவ்வொரு பெயராக விளக்கிக்கொண்டு வருகிறார். இந்த வாரம் உன் பெயர் வந்தது. உன் பெயர் என்றா சொன்னேன், தவறு. அல் ஜப்பார் அவனுடைய பெயர். நீ அவனுடைய அடிமை, அப்துல் ஜப்பார். தெருவில் எல்லோரும் உன்னை வெறும் ஜப்பார் என்று கூப்பிட்டபோது நானும் கண்டுகொள்ளவில்லை. கூப்பிடச் சுருக்கமாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

குர்ஆனில் ஹஷ்ர் சூராவின் 23ஆம் ஆயத்தில் அந்தப் பெயர் வருகிறது. தமிழில் அடக்கியாள்பவன் என்று போடுகிறார்கள். நானும் இத்தனை வருடம் அதோடு நிறுத்திக்கொண்டேன். கம்பீரமான பெயர் என்று நினைத்துத்தான் உனக்கு வைத்தேன். ஆனால் அரபியில் ஜப்ர் என்றால் முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவது என்றும் பொருளாம். கட்டுக்கு ஜபீரா என்று பெயர். கை எட்டாத உயரத்துக்கு வளர்ந்த பேரீச்ச மரத்தையும் அந்த வேரிலிருந்துதான் அழைப்பார்களாம். எட்டாத உயரத்தில் இருப்பவன்தான் ஒடிந்ததைச் சேர்க்கிறவனும். ஹஜ்ரத் சொல்லச் சொல்ல நான் தூணில் சாய்ந்துகொண்டேன்.

என் பிழைப்பும் அந்தச் சொல்லில்தான் ஓடியிருக்கிறது, பார். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் கணித அறிஞர் அல் குவாரிஸ்மி தம் நூலுக்கு வைத்த பெயரில் இருந்த அல் ஜப்ர்தான் அல்ஜீப்ரா ஆயிற்று. சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் கழித்தல் குறியோடு நிற்பதை இரண்டு பக்கமும் கூட்டி, குறையை நிரப்பிவிடுவது, அதற்குத்தான் ஜப்ர் என்று பெயர். முப்பத்துநான்கு வருடம் "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்று பிரம்பால் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்தேனே, ஒடிந்ததைச் சேர்க்கிற வேலை என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தால்தானே.

அதே சொல் மனிதனுக்கு வந்தால் பழிச்சொல், கொடுமைக்காரன் என்று பொருள். மர்யம் சூராவை எடுத்துப் பார். யஹ்யா நபியைப் பற்றி, பெற்றோருக்கு நன்மை செய்பவர், ஜப்பாராக இருக்கவில்லை என்று வருகிறது. ஈஸா நபி, அல்லாஹ் என்னைத் தாய்க்கு நன்மை செய்பவனாக்கினான், ஜப்பாராக ஆக்கவில்லை என்கிறார். இரண்டு இடத்திலும் பேச்சு வீட்டுக்குள் இருப்பவர்களைப் பற்றியது. வெளியே அரசனாக இருக்கிறவனுக்குச் சொன்னது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். காஃப் சூராவின் கடைசி ஆயத்தில் நம் நபியிடமே அல்லாஹ், நீர் அவர்கள் மீது ஜப்பார் அல்லர் என்கிறான். நபிக்கே கொடுக்காத அதிகாரம்.

தொழுகையில் இரண்டு ஸஜ்தாவுக்கு நடுவில் அவசரப்படாதே. நம் பக்கத்தில் பலர் அந்த இருப்பில் மூச்சுக்கூட விடுவதில்லை, நிமிர்ந்து உட்காரும் முன்பே அடுத்த ஸஜ்தா. நீயும் என்னைப் பார்த்துத்தான் அப்படிப் பழகினாய். அந்த இடத்தில் ஓத ஒரு துஆ திர்மிதி ஹதீஸ் நூலில் இருக்கிறது. அல்லாஹும்மஃபிர் லீ, வர்ஹம்னீ, வஜ்புர்னீ, வஹ்தினீ, வர்ஸுக்னீ. நடுவில் வருகிற வஜ்புர்னீ அதே சொல்தான். என்னைச் சேர்த்துக் கட்டு என்று பொருள். நின்று நிதானமாகக் கேள். வேலை அலுப்பு, சம்பளம் குறைந்தது, மனக்கஷ்டம், எது இருந்தாலும் அதை அங்கே இறக்கி வை. கோபத்தையும் அங்கேதான். வீட்டுக்குக் கொண்டுபோகாதே. அவசரப்படாதே.

உனக்கு ஜபீரா புதிதல்ல. ஏழாம் வகுப்பில் கையில் கட்டோடு எப்படிக் கைகால் கழுவி ஒளு செய்வது என்று அழுதாய். ஈரக் கையால் கட்டின் மேல் தடவினால் போதும் என்று பழைய ஹஜ்ரத் சொல்லிக் கொடுத்தார். மேலூர்ப் பக்கத்து வைத்தியர் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துத் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். இறுக்கினால் விரல் நீலம் பாரிக்கும், தளர்ந்தால் எலும்பு கோணும் என்றார். பிறகு, பையன் எப்படி விழுந்தான் என்று கேட்டார்.

சைக்கிளில் என்று நான் சொன்னேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு வைத்தியரிடம், ஆமாம், சைக்கிளில்தான் என்றாய். பன்னிரண்டு வயது உனக்கு.

இயற்கணிதத்தில் 38 மதிப்பெண். ஆசிரியர் அறையில் ஒருவர் சிரித்தார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து படிக்கட்டில் வைத்து உன் கையை முறுக்கினேன். காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம். அந்தச் சத்தம் இன்றும் கேட்கிறது என்று எழுதினால் நம்புவாயோ என்னவோ. உன் அம்மா அந்தச் சைக்கிளைத் திட்டித் தீர்த்தாள், விற்றுவிடச் சொன்னாள். விற்றேன். நீ ஒரு வருடம் பள்ளிக்கு நடந்து போனாய். ஒரு நாளும் நீ யாரிடமும் சொல்லவில்லை. நானும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், ஜப்பார். அப்துல் ஜப்பார்.

இதை உன் அம்மாவிடமும் இன்று இரவு சொல்லப்போகிறேன். உறையை முதலில் ஒட்டிவிடுகிறேன்.

நடக்காத சைக்கிள் விபத்தைச் சொன்னவனுக்கு, வழுக்கிவிட்டது என்று ஒருவர் சொல்லும்போது காது வேறு மாதிரி கேட்கிறது. பேகம்பூரிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது கொடைரோடு வந்ததே தெரியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. ஊறுகாயில் உப்பு அதிகம், பார்த்துப் போட்டுக்கொள். எனக்கு நீளமாகப் பதில் எழுத வேண்டாம். உங்கள் வீட்டுக் குளியலறைத் தரை வழுக்கும் தரையா? அது ஒன்றை மட்டும் எழுது.

வஸ்ஸலாம்.

உன் அத்தா