உனக்கென்ன குறைச்சல் என்று கேட்டதற்கு

ரங்கூன்
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் சேகருக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் நலம். உன் நலம் அறிய ஆவல்.

போன ஞாயிறு போனில், "எல்லாம் இருக்கும்மா, ஆனா மனசு ஒட்ட மாட்டேங்குது" என்று சொன்னாய். நான் சட்டென்று, "உனக்கென்னடா குறைச்சல்?" என்று கேட்டுவிட்டேன். அதோடு நீ அந்தப் பேச்சையே விட்டுவிட்டாய். "சரிம்மா, மாத்திரை போட்டியா?" என்று கேட்டு வைத்துவிட்டாய். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. கரண்டும் இல்லை. இருட்டில் உட்கார்ந்து யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. போனில் சொன்னால் லைன் பாதியில் அறுந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். எதிர்வீட்டு மகள் செவ்வாய்க்கிழமை சிங்கப்பூர் வருகிறாள். அவள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

ஒரு தடவை சொன்னாயே, எந்த நாட்டுச் சனங்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று வருஷா வருஷம் பட்டியல் போடுகிறார்கள் என்று. ஒரு ஏணியை நினைத்துக்கொள்ளச் சொல்வார்களாம். அடியில் பூஜ்யம், உச்சியில் பத்து. உன் வாழ்க்கை இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்பார்களாம். 2018இலிருந்து பின்லாந்துதான் முதலிடம், 2024 பட்டியலில் கிழக்கு, தென்கிழக்கு ஆசிய நாடுகளில் சிங்கப்பூர் முதல், நம் பர்மா நூறுக்கும் கீழே என்றாய். "பாத்தியாம்மா, நான் சந்தோஷமான ஊர்ல இருக்கேன்" என்று சிரித்தாய். அது என்ன சிரிப்பு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

சும்மா இருக்க முடியாமல் இந்த வாரம் நம் கட்டடத்தில் நானே அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். மூன்றாம் மாடி சயாமா, பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் அல்லவா, "கரண்ட் இருக்கும்போதா, இல்லாதபோதா?" என்று திருப்பிக் கேட்டார். கீழே தையல்கார பாய், "ஏணியை விடுங்கக்கா, மொதல்ல இந்தப் படியை ஏறி முடிங்க" என்றார். ஐந்து மாடிக்கும் சேர்த்து எண்பத்திரண்டு படி, லிஃப்ட் கிடையாது. அதற்கப்புறம் நூல் விலை, எண்ணெய் விலை, மருமகன் என்று அரைமணி நேரம் பிடித்துக்கொண்டார். முக்குக் கடையில் டீ கொடுக்கிற பையன் டெல்டா பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை. "நேத்து ஏழு, இன்னிக்கு ரெண்டு" என்றான். ராத்திரி அவன் டீம் பந்தாட்டத்தில் தோற்றுவிட்டதாம்.

அந்தப் பையன் சொன்ன ஏழு என்ற எண்ணைத் தவிர, ஐந்துக்கு மேல் யார் வாயிலிருந்தும் வரவில்லை. ஆனால் ஒரு வேடிக்கை, குறை சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தில் ஒரு களை வந்தது. பாய் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "உனக்கென்ன குறைச்சல்?" என்று இந்தக் கட்டடத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை. எல்லார் குறையும் எல்லாருக்கும் தெரியும்.

பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் நம் கயிறு உனக்கு ஞாபகம் இருக்கும். நீ போன பிறகு நைலான் கயிறாக மாற்றிவிட்டேன், மணி மட்டும் அப்பா கட்டியதுதான். காலையில் மீன் குழம்பு நூடுல்ஸ் விற்கிற மொகிங்காக்காரி கீழேயிருந்து இழுத்தால் பால்கனியில் மணி அடிக்கும். பையில் காசைப் போட்டு இறக்குவேன், அவள் பொட்டலத்தை வைத்து ஒரு இழுப்பு இழுப்பாள். போன மாதம் விலையை ஏற்றிவிட்டாள். நான் மேலேயிருந்து கத்த, மீன் என்ன விலை தெரியுமா என்று அவள் கீழேயிருந்து கத்த, நடுவில் மூன்றாம் மாடி சயாமா தலையை நீட்டி இரண்டு பேருக்கும் தீர்ப்பு சொன்னார். அன்றைக்கு மொகிங்கா ருசியாகத்தான் இருந்தது. 2025 மார்ச் 28 மதியம், மாண்டலே பக்கம் அத்தனை கட்டடங்களைச் சாய்த்த பூகம்பத்தில் இங்கே ஆட்டம் மட்டும்தான். அப்போது தெரு முழுக்க இந்த மணிகள் இழுக்க ஆளில்லாமல் தாமாக அடித்தன. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நீ பிறப்பதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டெல்லாம் செல்லாது என்று அரசாங்கம் திடீரென்று அறிவித்தது. மாற்றியும் தரவில்லை. உன் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிச் சேர்த்ததெல்லாம் எழுபத்தைந்து கியாட் நோட்டாக அரிசிப் பானைக்குள் இருந்தது. உன் அக்கா காதுகுத்துக்கு வைத்த காசு. நான் பானையைக் கவிழ்த்துப் போட்டு அழுதேன். சாயங்காலம் எட்டிப் பார்த்தால் தெருவே டீக்கடையில் இருந்தது. ஆளுக்கு ஒரு கட்டு நோட்டு. யாரோ ஒருவர் எழுபத்தைந்து கியாட்டில் கப்பல் செய்து பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். மழைத் தண்ணீரில் அது மிதந்ததைப் பார்த்து அழுதவர்களும் சிரித்தார்கள். உன் அப்பா வீட்டுக்கு வந்து, "எனக்கு மட்டும் போயிருந்தா பைத்தியம் புடிச்சிருக்கும். தெருவுக்கே போச்சு, விடு" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை, அது வேறு கதை.

பெரியம்மா கதையும் இதே போலத்தான். 1964இல் கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, அவளும் பெரியப்பாவும் கப்பல் ஏறினார்கள். நகைகூடப் பெரிதாகக் கொண்டுபோக விடவில்லை. எனக்கு ஏழு வயசு. மெட்ராஸில் வியாசர்பாடியில் குடிசை போட்டார்கள். 1969இல் பர்மா பஜார் வந்த பிறகு பெரியப்பாவுக்கு அங்கே ஒரு கடை கிடைத்தது, பிள்ளைகள் படித்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு கடிதத்திலும் ரங்கூன் ஞாபகமாகவே எழுதுவாள். அக்கம்பக்கத்தில் சொன்னால், "தாய்நாட்டுக்கே வந்துட்டீங்க, இனிமே உங்களுக்கென்ன குறைச்சல்?" என்பார்களாம். அதனால் சாயங்காலமானால் கூடக் கப்பலில் வந்த பெண்கள் நாலு பேர் சேர்ந்து அத்தோ நூடுல்ஸ் பிசைந்து தின்றுகொண்டே அழுவார்களாம். இங்கே நம்மை இன்னும் கலா, அதாவது இந்தியாக்காரர்கள் என்கிறார்கள், அங்கே அவளைச் சாகும்வரை பர்மாக்காரி என்றார்கள். இந்த ஊருக்கு யாங்கோன், பகை ஒழிந்தது என்று பெயர் வைத்தாராம் அலாங்பயா மன்னர், 1755இல். நல்ல ஆசைதான்.

பெரியம்மாவிடம் மெட்ராஸ்காரர்கள் கேட்ட அதே கேள்வியை நான் உன்னிடம் கேட்டிருக்கிறேன் என்பது ஞாயிறு ராத்திரிதான் எனக்கு உறைத்தது. நல்ல சம்பளம், எந்நேரமும் தண்ணீர், நிற்காத கரண்ட் என்று இருக்கிறவன் வாய் திறந்தால் எல்லாரும் இதைக் கேட்டு அடைத்துவிடுகிறார்கள். அம்மாவும் அடைத்தால் நீ எங்கே போய்ச் சொல்வாய்? ஞாயிற்றுக்கிழமை பெனின்சுலா பிளாசாவுக்குப் போனால் நம் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள் என்றாய். ஆனால் யாருக்கு அங்கேயே நிரந்தரமாகத் தங்க பி.ஆர். கிடைத்தது, யார் சொந்தமாக வீடு வாங்கினார்கள் என்ற பேச்சுதானாம். போகும்போது இருந்ததைவிடப் பாரமாகத் திரும்பி வருகிறேன் என்று நீயே சொன்னாய். அந்தப் பேச்சு எனக்கும் தெரியும். காளி கோயில் வாசலில் வெள்ளிக்கிழமை, பட்டுப்புடவை கட்டி வருகிற இரண்டு பேர் இதைத்தான் பேசுவார்கள். நான் அவர்கள் பக்கம் போவதில்லை. வெற்றிலைக்காரி பக்கம் உட்கார்ந்துகொள்வேன்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு, திரும்பி வந்துவிடு என்கிறாளோ அம்மா என்று நினைக்காதே. வராதே. 2024 பிப்ரவரியில் அறிவித்ததிலிருந்து பதினெட்டு முதல் முப்பத்தைந்து வயசு வரை ஆண்பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு எடுக்கிறார்கள். உனக்கு முப்பத்திமூன்று. எதிர்வீட்டுச் சின்னவன் ராத்திரியில் வெளியே போவதே இல்லை. நாங்கள் இங்கே நிம்மதியாக இருக்கிறோம் என்று யார் சொன்னாலும் நம்பாதே. சேர்ந்து புலம்புகிறோம், அவ்வளவுதான். தெருவுக்குத் தெரு தண்ணீர்ப் பானை வைக்கிறார்கள், சதுதிதா என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சோறு போடுகிறார்கள். தான தர்மம் செய்கிற நாடுகளின் பட்டியலில் 2014 முதல் 2017 வரை நம் ஊர்தான் முதலிடம் என்று நீதான் சொன்னாய். அதில் பாதி அடுத்த பிறவிக்குப் போட்டு வைக்கிற கணக்கு என்பது என் எண்ணம். இருந்தாலும் தாகத்துக்குத் தண்ணீர் தண்ணீர்தான்.

யாருக்கும் தொல்லை ஆகக் கூடாது என்கிற அந்த ஆனாதெ உனக்குச் சின்ன வயசிலிருந்தே ஜாஸ்தி. வாத்தியாரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, காய்ச்சலோடு ஒரு நாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்திருந்தவன் நீ. பதினாலாவது மாடியில் நாலு வருஷமாக இருக்கிறாய். பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டால், "நீலப் பூப்போட்ட செருப்பு தெரியும்மா, ஆளைத் தெரியாது" என்கிறாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் பிசைந்தது.

இனிமேல் போனில் நீ குறை சொல். நான் குறுக்கே பேச மாட்டேன். பேசினால், "அம்மா, கடுதாசி" என்று ஞாபகப்படுத்து.

பார்சலில் லப்பே (ஊறவைத்த தேயிலை) ஒரு பொட்டலம், முகத்தில் அரைத்துப் பூசுகிற தனக்காக் கட்டை ஒன்று (உனக்கில்லை, உன் ஆபீஸில் கேட்டாள் என்றாயே, அந்தப் பெண்ணுக்கு), இறால் போட்டு வறுத்த பாலாச்சாங் இரண்டு பாட்டில் வைத்திருக்கிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்று நீலச் செருப்பு வீட்டுக்கு. இறால் ஒத்துக்கொள்ளுமா என்று முதலில் கேட்டுவிட்டுக் கொடு. காரம் ஜாஸ்தி என்று குறை சொல்வார்கள். சொல்லட்டும், நின்று கேட்டுவிட்டு வா. பாட்டிலைத் திறக்கும்போது சாய்க்காதே, மூடி ஓரத்தில் எண்ணெய் கசிகிறது. இரண்டு பை போட்டுச் சுற்றியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா