தூரனைத் துக்கடாவாக்காதீர்கள்: கொங்கு நாட்டு இசைச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சபைச் செயலாளர்களுக்கு,

வணக்கம். கோவையிலும் ஈரோட்டிலும் நடைபெறும் கச்சேரிகளைப் பல ஆண்டுகளாக முன்வரிசையிலோ, இடம் கிடைக்காதபோது தூணோரத்திலோ அமர்ந்து கேட்டுவரும் ரசிகன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன். நம் மண்ணில் பிறந்த கீர்த்தனை ஆசிரியர் பெ. தூரனின் பாடல்களைத் துக்கடாவாக, அதாவது கச்சேரியின் இறுதியில் பாடும் சிறு உருப்படியாக மட்டும், ஒதுக்கிவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

சென்ற மார்கழியில் நம் பகுதிச் சபை ஒன்றில், தாளவாத்தியக்காரர்கள் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் முடிந்து பாதிப் பேர் செருப்பைத் தேடி எழுந்துவிட்ட நேரத்தில், பாடகி பிருந்தாவன சாரங்க ராகத்தில் ‘கலியுக வரதன்’ பாடினார். பழனியாண்டவரைப் பற்றிய அக்கீர்த்தனையை வாய்க்குள்ளேயே உடன் பாடிக்கொண்டிருந்த பக்கத்து இருக்கைப் பெரியவர், “பாபநாசம் சிவன் பாட்டுங்களா?” என்று கேட்டார். “இல்லீங்க, நம்ம மொடக்குறிச்சிப் பக்கத்துக்காரர்” என்றேன், அவர் நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல இயலாது. நிகழ்ச்சி நிரலில் பாடகர், பக்கவாத்தியக்காரர், விளம்பரம் தந்த துணிக்கடை என எல்லாப் பெயர்களும் இருந்தன. இயற்றியவர் பெயர் மட்டும் இல்லை.

அதை இயற்றிய பெ. தூரன் 1908இல் மொடக்குறிச்சிக்கு அருகே மஞ்சக்காட்டுவலசில் பிறந்து, பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராகப் பணியாற்றி, பின்னர்த் தமிழின் 10 தொகுதிக் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்தவர். அதை முடித்த கையோடு குழந்தைகளுக்கென்று இன்னொரு கலைக்களஞ்சியத்தையும் 10 தொகுதிகளில் உருவாக்கினார். 1968இல் பத்மபூஷண் பெற்றார், 1987இல் மறைந்தார். பதிப்பாசிரியர் தூரனைத் தமிழறிஞர்கள் மறக்கவில்லை. கீர்த்தனை ஆசிரியர் தூரனைத்தான் அவர் பிறந்த மண்ணிலேயே கச்சேரியின் கடைசிக் கால் மணிக்குள் அடக்கி வைத்திருக்கிறோம்.

தெலுங்குக் கீர்த்தனைகளே நடுநாயகமாக இருந்த மேடையில் தமிழுக்கும் உரிய இடம் வேண்டும் என்று 1940களில் தமிழிசை இயக்கம் வாதாடியது. அவ்வாதத்துக்குத் தம் பாடல்களாலேயே விடை தந்தவர்களுள் தூரன் ஒருவர். பேச்சுத் தமிழுக்கு நெருங்கிய எளிய சொற்கள் தாளத்துக்குள் திணறாமல் அமர்வதும், பக்தி உருக்கம் ஆடம்பரமின்றி வெளிப்படுவதும் அவருடைய தனித்தன்மை என்பது என் எண்ணம். நாட்டுப்புறப் பாடல்களையும் தேடித் தொகுத்தவரின் காது அல்லவா அது! மாண்டு ராகத்து ‘முரளீதரா கோபாலா’ இறுதியில் வருவதை நான் குறைகூறவில்லை. அந்த ராகத்துக்கு அந்த இடம் பொருந்தும். ஆனால் ‘புண்ணியம் ஒரு கோடி’ கீரவாணி ராகத்தில் பாடப்படுவது. விரிவான ஆலாபனைக்கும், ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் நிரவலுக்கும், கற்பனை ஸ்வரத்துக்கும் இடம் தரும் மேளகர்த்தா (தாய்) ராகத்தை வைத்துக்கொண்டு, பல்லவியையும் ஒரு சரணத்தையும் அவசரமாகப் பாடி நிறைவுப் பாடலான மங்களத்துக்குத் தாவுவது என்ன நியாயம்?

பாடுபவர்களை மட்டும் நோவதில் பயனில்லை. சபை எதைக் கேட்கிறதோ அதையே அவர்கள் தயார் செய்து வருவார்கள். தேதி உறுதிசெய்யும்போதே, தூரன் கீர்த்தனை ஒன்றைப் பிரதான உருப்படியாகப் பாட வேண்டும் என்று தெரிவியுங்கள். ஆண்டுக்கு ஒரு கச்சேரி, அவர் பிறந்த செப்டம்பர் 26ஐ ஒட்டி அமைந்தாலே போதும். நிரலில் ராகம், தாளத்தோடு இயற்றியவர் பெயரையும் அச்சிடுங்கள்; அதற்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை.

அத்தகைய கச்சேரிக்கு நாள் குறித்தால், பக்கத்து இருக்கைப் பெரியவரையும் அழைத்துக்கொண்டு நேரத்தோடு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஈரோட்டு ரசிகன் ஒருவன்