'எஃகு வராதா?' என்று கேட்டவளுக்கு

அன்புத் தோழி,

போன வாரம் நாங்கள் நாலு பேரும், எழுத்துச் சீட்டுகளைச் சேர்த்துச் சொல்லாக்கும் நம் சொல் சீட்டு ஆடும்போது, "எனக்கு அவ்வளவு வார்த்தை தெரியாதுப்பா, நான் பார்க்கிறேன்" என்று என் பின்னால் உட்கார்ந்துகொண்டாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அது இரண்டாம் சுற்று. என் கையில் எ, ஃ, க், ண். சீட்டுக்கட்டிலிருந்து எடுத்தது உ. எனக்கோ 'எண்' தவிர எதுவும் கண்ணில் படவில்லை. ஃ எதற்கு என்று அதைக் கீழே போடப் போனேன். அப்போதுதான் என் காதருகில் மெல்லக் கேட்டாய்: "எஃகு வராதா?" நாலு சீட்டும் சொல்லாகிவிட்டன. மிஞ்சிய ண்-ஐப் போட்டுவிட்டு அந்தச் சுற்றை முடித்தேன். மற்றவர்கள் போட்ட கூச்சல் உனக்கும் நினைவிருக்கும்.

எஃகு எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். அந்த நேரத்தில் அதைக் கண்டுபிடிப்பதுதான் ஆட்டம். அது உனக்கு வருகிறது.

1998-இல் வந்த குவிட்லர் என்ற ஆங்கிலச் சீட்டாட்டத்தின் விதிகளைத்தான் எடுத்துக்கொண்டோம். முதல் சுற்றில் 3 சீட்டு, பிறகு ஒவ்வொன்றாகக் கூடி எட்டாம் சுற்றில் 10. ரம்மி மாதிரி ஒன்று எடுத்து ஒன்று போட வேண்டும். ஒருவர் முடித்ததும் மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு வாய்ப்பு; சொல்லில் சேராத சீட்டின் புள்ளி கழியும். அவ்வளவுதான்.

தமிழுக்கு மாற்றும்போதுதான் யோசிக்க வேண்டியிருந்தது. 247 எழுத்துக்கும் தனித்தனிச் சீட்டு போட்டால் கையில் எதுவும் சேராது. அதனால் உயிரையும் மெய்யையும் பிரித்து எழுதினோம்: 12, 18, அப்புறம் ஃ. அதிகம் புழங்கும் எழுத்துகளுக்குக் கூடுதல் சீட்டு. 'மழை' என்றால் ம், அ, ழ், ஐ என்று நாலு சீட்டு. இதில் எனக்குப் பிடித்ததே இதுதான்: ம், அ, ஐ மூன்றும் கையில் இருந்தால், அடுத்து ல் வந்தால் மலை, ற் வந்தால் மறை, ட் வந்தால் மடை, ன் வந்தால் மனை. ஒவ்வொரு சீட்டைத் திருப்பும்போதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

சந்தேகம் வந்தால் அகராதி இருக்கிறது. தப்பாகச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டோம், நான் பொறுப்பு.

சனிக்கிழமை சாயந்திரம் வா. ஐ சீட்டு இன்னும் இரண்டு தேவைப்படுகிறது. வெற்று அட்டை எடுத்து வைத்திருக்கிறேன், உன் கையெழுத்தில் எழுதிக் கொடு. எழுதி முடித்ததும் உன்னையும் சேர்த்து ஐந்து பேருக்குச் சீட்டு போடுவேன்.

அன்புடன்,
உன் தோழி