ஓட்டை மேலேயா, கீழேயா?

அன்புள்ள மூர்த்தி,

பதில் போடாமல் இழுத்தடித்ததற்குத் திட்டித் தீர்த்துக்கொள். இங்கே எல்லோரும் நலம்.

"நைஜீரியாவில் எண்ணெய் வருமானத்தில் 13 சதவீதம் எண்ணெய் எடுக்கும் பகுதிக்கே கொடுக்கிறார்களே, நைஜர் டெல்டாக்காரன் ஏன் இன்னும் கொதிக்கிறான்?" என்று கேட்டிருந்தாய். கணக்கு வாத்தியார் புத்தி போகுமா? அந்த 13 சதவீதம் சேருவது மாநில அரசுகளின் கஜானாவில். எண்ணெய் கசிந்து வலை நாசமான மீனவனின் கதி ஒரு படிவத்தில் இருக்கிறது.

எண்ணெய்க் குழாய் கசிந்தால் எண்ணெய்க் கம்பெனி ஆள், அரசுக் கண்காணிப்பாளர், ஊர்ப் பிரதிநிதி மூவரும் போய், தோண்டிப் பார்த்து, அந்தப் படிவத்தில் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அரிப்பு என்றால் நஷ்டஈடு உண்டு. நாசவேலை என்றால் சட்டப்படியே கிடையாது. பார்க்கத் தெரிந்தவனுக்கு ஓட்டையே பெரும்பாலும் சொல்லிவிடும். அடிப்பக்கம் தண்ணீர் தங்கி, உள்ளிருந்து தகடு மெலிந்து விட்டிருந்தால் அரிப்பு. மேல்பக்கம் வட்டமாகத் துளையோ ரம்பத் தடமோ இருந்தால் திருட்டு, அதாவது நாசவேலை. ஆனால் அரசு ஆள் அந்த இடத்துக்குப் போவதற்கே கம்பெனியின் படகை நம்பியிருக்கிறார். அப்புறம் என்ன கண்காணிப்பு!

சிந்திய அளவும் இந்த லட்சணம்தான். எண்ணெய் படிந்த பரப்பைத் தடிமனால் பெருக்கிப் போடுவார்கள். ஓதம் சதுப்புக்குள் இழுத்துப்போனது கண்ணில் படாது. 2008-ல் டெல்டாவிலுள்ள போடோ என்ற ஊரில் ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் 24 அங்குலக் குழாயில் வெல்டிங் விட்டுப்போய், வாரக்கணக்கில் கொட்டியது. படிவத்தில் 1,640 பீப்பாய்! வழக்கு லண்டனுக்குப் போன பிறகுதான் அந்த எண் குறைவு என்று ஷெல் ஒப்புக்கொண்டது. 2015-ல் ஐந்தரைக் கோடி பவுண்டுக்கு முடித்தார்கள்.

துப்புரவு இன்னும் மோசம். மேல்மண்ணைக் கிளறி, உரம் தூவி, மிச்சத்தை நுண்ணுயிர் தின்றுகொள்ளட்டும் என்று விட்டுவிடுவது. 2011-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் குழு டெல்டாவின் ஒகோனி பகுதியில் மண்ணைத் துளையிட்டுப் பார்த்தபோது பல இடங்களில் ஐந்து மீட்டருக்குக் கீழும் எண்ணெய். ஒரு ஊரில் குடிக்கிற கிணற்றுத் தண்ணீரில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன், உலக சுகாதார நிறுவன வரம்பைப்போல் 900 மடங்கு. படிக்கும்போதே எனக்கு வயிறு கலங்கியது.

2021-ல் நைஜீரியாவில் புதுப் பெட்ரோலியச் சட்டம் வந்ததே என்பாய். கம்பெனியின் முந்தைய ஆண்டு இயக்கச் செலவில் 3 சதவீதம் ஊர் அறக்கட்டளைக்கு. சரி. ஆனால் நாசவேலையிலோ கலவரத்திலோ குழாய் முதலியவை சேதமானால், பழுதுபார்க்கும் செலவு அதிலிருந்தே கழியும். ராத்திரியில் எவனோ துளை போடுவான், ஊர் மொத்தமும் தண்டம் கட்டும். இதற்கு என்ன கணக்கு சொல்கிறாய், வாத்தியாரே?

ரவியிடமும் காட்டு, எப்படியும் சண்டைக்கு வருவான்.

அன்புடன்,
செல்வம்